காரின் மேல் கனூவும் கயாக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாத நீண்ட வாரவிடுமுறை நெருங்கினால் எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கும். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் எனக்குத் தெரிந்த குடும்பங்களில் முதன்முதலாகக் கனூ வாங்கியவர்கள், கயாக்கை வாடகைக்கு எடுத்தவர்கள், மருமகனின் காரில் ஏற்றப் போகிறவர்கள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டது கேட்டபடியே கீழே இருக்கிறது. பதில்கள், கனடாவின் ஒன்ராறியோ மாகாண வீதிகளில் பல கோடைகள் படகு ஏற்றி இறக்கிப் பழகியவன் சொல்வது.

கனூவுக்கும் கயாக்குக்கும் கட்டுறதில வித்தியாசம் இருக்கோ?

கனூ மேற்புறம் திறந்த படகு. அதை எப்போதும் கவிழ்த்துத்தான் ஏற்ற வேண்டும். கவிழ்த்தால் இரு பக்க விளிம்பும் கூரைச் சட்டங்களில் தட்டையாக உட்காரும், மழைத் தண்ணீரும் உள்ளே நிற்காது. கயாக் மேலே மூடிய படகு. வயிறு வளைந்திருப்பதால் வெறும் சட்டத்தில் வைத்தால் உருளப் பார்க்கும், ஆகவே அதற்கு ஒரு தொட்டில் வேண்டும்.

வைக்கும் விதம்தான் வேறு. கட்டும் விதம் இரண்டுக்கும் ஒன்று: குறுக்கே இரண்டு பட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் கயிறு.

எங்கட கொரோலாவில 16 அடிக் கனூ ஏத்தலாமோ? கூரை தாங்குமோ?

ஏற்றலாம். நீளத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. 16 அடி என்றால் 4.9 மீற்றர், கொரோலாவே 4.6 மீற்றருக்கு மேல் நீளம். பார்க்க வேண்டியது நிறை. காருடன் வந்த கைநூலில் கூரைச் சுமையின் உச்ச அளவு எழுதியிருக்கும். பல சிறிய கார்களுக்கு அது 100 இறாத்தல் அளவிலும், பல எஸ்யூவிகளுக்கு 165 இறாத்தல், அதாவது 75 கிலோ அளவிலும் இருக்கும். றாக்கின், அதாவது கூரையில் பூட்டும் சட்டத் தொகுதியின் நிறையும் அந்தக் கணக்குக்குள்தான் வரும். றாக் செய்த நிறுவனமும் தனக்கென ஓர் அளவு சொல்லும். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் அளவு.

கெவ்லர் என்ற இலேசான நாரில் செய்த கனூ 40 முதல் 45 இறாத்தல் வரும், எந்தக் காருக்கும் பிரச்சினை இல்லை. அலுமினியம் 70க்குக் கிட்ட வரும். தடித்த பிளாஸ்ரிக் கனூ 80ஐத் தாண்டும். சிறிய காரில் றாக்கையும் சேர்த்தால் எல்லையில் போய் நிற்கும். கைநூலில் சில வேளை இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எண், கார் நிற்கும்போது கூரையில் கூடாரம் போட்டுப் படுப்பவர்களுக்கானது. ஓடும்போது பொருந்துவது சின்ன எண்.

காரில றாக் இல்லை. ஃபோம் கட்டை வைச்சுக் கட்டினாப் போதும் எண்டு கடையில சொன்னவங்கள். உண்மையோ?

குறுகிய தூரத்துக்கு உண்மை. கனூவின் விளிம்பில் கவ்வி நிற்கும்படி வெட்டுப் போட்ட நான்கு ஃபோம் கட்டைகளைச் செருகி, கூரையில் வைத்து, பட்டியைக் காருக்குள்ளால் கொண்டுவந்து கட்டுவார்கள். வாடகைக் கடைகளில் இந்தத் தொகுதியையே தருவார்கள். பட்டியைக் கண்ணாடி ஜன்னலால் விடாதீர்கள். நான்கு கதவையும் திறந்து, கதவுச் சட்டத்துக்குள்ளால் விட்டு, பிறகு கதவை மூடுங்கள். ஜன்னலால் விட்டால் கதவு திறக்காது. காருக்குள் ஏற முடியாமல் பட்டியைத் திரும்ப அவிழ்க்க வேண்டி வரும். மழை பெய்தால் பட்டி வழியே தண்ணீர் உள்ளே ஊறி இருக்கையில் சொட்டும்.

ரொறன்ரோவிலிருந்து அல்கொங்குவின் பூங்காவுக்கு மூன்று மணித்தியாலம் நெடுஞ்சாலையில் போக நான் ஃபோம் கட்டையை நம்ப மாட்டேன். ஃபோம் நசியும். நசிந்தால் பட்டி தளரும். தளர்ந்த பட்டி காற்றில் இன்னும் தளரும். வருடத்தில் இரண்டு மூன்று தரம் போகிறவராக இருந்தால் உங்கள் காருக்கென்று அளவான குறுக்குச் சட்டம் வாங்குங்கள். வெறும் கூரைக்கும் பொருந்தும் கவ்விகளோடு துலே, யாக்கிமா போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. இரண்டு சட்டங்களுக்கும் இடையில் குறைந்தது 24 அங்குலம் இருக்க வேண்டும். கூடக் கூட நல்லது.

பனோரமா கண்ணாடிக் கூரை இருக்குது அண்ணை. வெடிச்சுப் போகுமோ?

கூரையின் இரு ஓரத்திலும் நீளவாக்கில் உள்ள பக்கத் தண்டவாளத்தில் கால் ஊன்றி நிற்கும் குறுக்குச் சட்டம் என்றால் பாரம் கண்ணாடியில் விழாது, பெரும்பாலும் பயமில்லை. ஆனாலும் கைநூலைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஃபோம் கட்டையைக் கண்ணாடியின் மேலே நேரடியாக வைத்துப் பட்டியால் இறுக்குவதைத்தான் செய்யவே கூடாது.

கயிறு நல்லதோ, பெல்ற் நல்லதோ? வீட்டில லொறிக்குக் கட்டுற ராட்செற் கிடக்குது, அதைப் பாவிக்கலாமோ?

குறுக்கே கட்ட பெல்ற்தான் நல்லது. ஆனால் ராட்செற் வேண்டாம். அதன் கைப்பிடியை இரண்டு தரம் ஆட்டினாலே, நீங்கள் உணராமலே படகின் வயிற்றை நெரிக்கும் அளவு இறுக்கம் வந்துவிடும். கெவ்லர் வெடிக்கும், பிளாஸ்ரிக் உள்வாங்கும். காம் பக்கிள் என்று கேட்டு வாங்குங்கள். ஓர் அங்குல அகலப் பட்டி, பெருவிரலால் அழுத்தினால் திறக்கும், விட்டால் உள்ளே உள்ள பற்கள் பட்டியைக் கடித்துப் பிடிக்கும். கையால் இழுக்கும் இறுக்கமே அதில் உச்சம்; படகுக்கு அதுவே போதும். 12 அல்லது 15 அடி நீளத்தில் இரண்டு எடுங்கள்.

முன்பின் கட்டுக்கு மட்டும் கயிறு. நைலோன் கயிறு நனைந்தால் நீளும், காலையில் இறுக்கியது மழைக்குப் பிறகு தொங்கும். பொலியெஸ்ரர் அப்படி நீளாது. மஞ்சள் நிற மலிவுக் கயிறு வழுக்கும், முடிச்சில் நிற்காது, வெயிலில் இற்றுப்போகும். கொக்கி வைத்த இறப்பர் நாடாவை எந்த இடத்திலும் பாவிக்காதீர்கள். நீளக்கூடிய பொருள் எதுவும் படகைப் பிடித்து வைக்காது.

பெல்ற்றைச் சரியா எங்கால விடவேணும்? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுறாங்கள்.

ஒரு சட்டத்துக்கு ஒரு பட்டி. பக்கிள் இருக்கும் முனையை உங்கள் பக்கம் தொங்கவிட்டு, மற்ற முனையைப் படகின் மேலால் அந்தப் பக்கம் போடுங்கள். எறியும்போது பக்கிளைக் கையில் வைத்திருங்கள், இல்லாவிட்டால் அது பறந்துபோய்க் கண்ணாடியில் அடிக்கும். அந்தப் பக்கம் போய், முனையைச் சட்டத்தின் கீழால் சுற்றி எடுத்து, திரும்பப் படகின் மேலால் உங்கள் பக்கம் போடுங்கள். இங்கே வந்து சட்டத்தின் கீழால் எடுத்து, மேலே பக்கிளுக்குள் செருகி இழுங்கள். பக்கிள் சட்டத்துக்குச் சற்று மேலே நிற்கட்டும்; படகின் உடம்பில் அழுத்திக்கொண்டு நிற்கக் கூடாது.

அதிகம் பேர் பிழைவிடும் இடம் இதுதான்: பட்டி சட்டத்தைச் சுற்றும் இடம் படகின் விளிம்போடு ஒட்டி இருக்க வேண்டும். சட்டத்தின் நுனியில், படகிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றினால் பட்டி கூடாரம்போலச் சரிந்து நிற்கும், கீழே படகு இடமும் வலமும் அரக்க இடம் கிடைக்கும். விளிம்புக்கு ஒட்டிச் சுற்றினால் பட்டி நேராக இறங்கும், படகு அசையாது. இதற்கென்றே கனூ விளிம்பின் இருபுறமும் சட்டத்தில் பூட்டும் சிறு தடுப்புகள் விற்கிறார்கள். பணம் செலவழிக்கத் தகுந்த பொருள்.

இறுக்கிய பிறகு மிஞ்சிய பட்டியைச் சட்டத்தில் சுற்றி முடிந்துவிடுங்கள்.

ரெண்டு பெல்ற் நல்லா இறுக்கியிருக்கு. பிறகும் முன்னுக்கும் பின்னுக்கும் கயிறு கட்டத்தான் வேணுமோ?

கட்டத்தான் வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். பட்டி படகை றாக்கோடு கட்டுகிறது. கயிறு படகைக் காரோடு கட்டுகிறது. பட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், றாக் கழன்றால் பட்டியும் படகும் றாக்கும் சேர்ந்து ஒன்றாகவே பறக்கும்.

ஒரு ஓகஸ்ட் மாதம் நான் இதைக் கண்ணால் கண்டேன். இரண்டு பட்டி போட்டு, முன்பின் கயிறு கட்டாமல் 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போய்க்கொண்டிருந்தேன். பாரி நகரைத் தாண்டிய பிறகு ஒரு பெரிய லொறி என்னைக் கடந்தது. அந்தக் காற்றில் கனூவின் முன்முனை என் கண்முன்னே வலப்பக்கம் ஓர் அடி திரும்பியது. பட்டி தளரவில்லை. முன் சட்டத்தின் ஒரு கால் தளர்ந்திருந்தது. வசந்தத்தில் பூட்டியதை நான் அதன் பிறகு இறுக்கிப் பார்க்கவே இல்லை. பின் இருக்கையில் பிள்ளைகள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் அடுத்த வெளியேற்றம் வரும் வரை வேகத்தைக் குறைத்து ஓட்டிய அந்த மூன்று கிலோமீற்றரும் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. பின்னால் வந்த காரில் யார் இருந்தார்கள் என்பதும் மனதில் வரும்.

முன்முனை பொனற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஓடும்போது காற்று அதன் கீழே புகுந்து மேலே தூக்கும். அந்த நெம்புகோலின் முழுப் பாரமும் முன் சட்டத்தில்தான் விழும். முன்கயிறு அந்தத் தூக்கலை நேராகக் காரின் உடம்புக்கு இறக்குகிறது. சடுதியாக பிரேக் அடித்தால் படகு முன்னுக்கு வழுக்கப் பார்க்கும். 30 கிலோ படகு அந்த நேரம் 20 கிலோவுக்கு மேல் விசையோடு முன்னே தள்ளும். ஆகவே முன்னே ஓடாமலும் பின்னே ஓடாமலும் இரண்டு திசைக்கும் கயிறு எதிர்த்து இழுக்க வேண்டும். உங்கள் காரின் வடிவத்தில் கயிறுகள் இரண்டும் ஒரே திசைக்குத்தான் சரிகின்றன என்றால், கனூவின் குறுக்குப் பலகையை ஒரு சிறு பட்டியால் பின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். வழுக்கல் நின்றுவிடும்.

முன்னுக்குக் கட்ட என்ர காரில ஒரு வளையமும் இல்லையே. பம்பருக்குக் கீழ எல்லாம் பிளாஸ்ரிக்.

பிளாஸ்ரிக்கில் கட்டாதீர்கள். இரண்டு வழி உண்டு. ஒன்று, ஸ்பெயார் ரயரோடு வைத்திருக்கும் இழுவைக் கொக்கி. பம்பரில் உள்ள சிறு மூடியைக் கழற்றினால் அதைத் திருகிப் பூட்டும் துளை இருக்கும். மற்றது, நான் பாவிப்பது: பொனற்றைத் திறந்தால் பக்கவாட்டில் மட்காட்டைப் பிடிக்கும் போல்ற்றுகள் தெரியும். துளை போட்ட பட்டித் துண்டு ஒன்றை அந்தப் போல்ற்றுக்குக் கீழே வைத்து இறுக்கினால், பொனற்றை மூடிய பிறகு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வளையம் வெளியே நிற்கும். கடைகளிலும் செய்து விற்கிறார்கள். வேண்டாத நேரம் உள்ளே மடித்துவிடலாம்.

இரண்டு வளையம் இருந்தால் முன்முனையிலிருந்து இரண்டு பக்கமும் விரித்துக் கட்டலாம். ஒற்றைக் கயிறு தூக்கலை மட்டும் தடுக்கும்; விரித்த கயிறு பக்கக் காற்றையும் தடுக்கும். பின்னுக்கு இழுவைக் கொளுவி இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் டிக்கி மூடியின் கீல் போல்ற்றில் இதேபோல வளையம் போடலாம்.

முடிச்சுப் போடவே தெரியாது. யூரியூப்பில பாத்தும் விளங்கேல்லை.

ஒரு முடிச்சு போதும். லொறிக்காரர் சாமான் கட்டும் முடிச்சு அது. கயிற்றின் ஒரு முனையைப் படகின் கைப்பிடியில் கட்டியாயிற்று, மற்ற முனை கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகிலிருந்து இரண்டு சாண் கீழே, கயிற்றை ஒரு தரம் முறுக்கி ஒரு வட்டம் செய்யுங்கள். வட்டத்துக்குக் கீழே தொங்கும் கயிற்றை மடித்து, அந்த மடிப்பை வட்டத்துக்குள்ளால் இழுத்தால் ஒரு காது வரும். இனிக் கையில் உள்ள முனையைக் காரின் வளையத்துக்குள்ளால் விட்டு, மேலே கொண்டுவந்து, காதுக்குள்ளால் விட்டு, கீழ்நோக்கி இழுங்கள். காது கப்பிபோல வேலை செய்வதால் உங்கள் கைப்பலத்தை விடக் கூடிய இறுக்கம் கிடைக்கும். காதடியில் விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு அரை முடிச்சுப் போடுங்கள். சமையலறைக் கதிரைக் காலில் பத்துத் தரம் போட்டுப் பழகினால் கைக்கு வந்துவிடும். கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த மொழி எங்களுடையது. கட்டுவது எங்களுக்குப் புதிதில்லை.

கூடிய இறுக்கம் கிடைக்கிறது என்பதற்காக முனைகளை வில்லாக வளைக்காதீர்கள். தொய்வு போனால் போதும். மிஞ்சிய வாலைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள். தளர்ந்த கயிறு முன் ரயருக்குள் அகப்பட்டால் ஒரு சுற்றிலேயே படகை இழுத்து விழுத்திவிடும்.

நான் தனிய. மனுசி வேலைக்குப் போட்டா. ஒரு ஆள் ஏத்தலாமோ?

45 இறாத்தல் கனூவை ஏற்றலாம். காரின் பின்புறம் ஒரு பழைய துவாயையோ இறப்பர் விரிப்பையோ போட்டு, கனூவைக் கவிழ்த்துக் கிடத்தி, ஒரு முனையை மட்டும் தூக்கிப் பின் சட்டத்தில் சாத்துங்கள். பிறகு மற்ற முனைக்குப் போய்த் தூக்கி முன்னே தள்ளுங்கள். எந்த நேரமும் பாதி நிறைதான் உங்கள் கையில் இருக்கும். நடுவில் உள்ள நுகத்தைத் தோளில் வைத்துத் தூக்கப் பழகியவர்கள் காரின் பக்கமாகவே நடந்து வந்து இறக்குவார்கள். முதல் வருடம் அதை முயலாதீர்கள்.

பிளாஸ்ரிக் கனூ என்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். முதுகு பிடித்தால் முழுக் கோடையும் போய்விடும். காற்று அடிக்கும் நாளில் பாரமற்ற கனூதான் கூட ஆபத்து. கட்டாமல் கூரையில் விட்டுவிட்டு உள்ளே தண்ணீர் குடிக்கப் போகாதீர்கள். முதல் பட்டி போடும் வரை ஒரு கை படகில் இருக்கட்டும்.

கயாக்கை நிமித்தி வைக்கிறதோ, கவிட்டு வைக்கிறதோ, சரிச்சு வைக்கிறதோ?

மூன்றும் செய்யலாம். ஜே எழுத்து வடிவத் தொட்டிலில் சரித்து வைப்பது எனக்குப் பிடித்தது. கயாக் பக்கவாட்டில்தான் பலம் கூடியது, இடமும் குறைவாகப் பிடிக்கும். சேணம்போன்ற தொட்டிலில் நிமிர்த்தி வைப்பதும் நல்லது. அப்போது உட்காரும் துளைக்கு மூடி போடுங்கள், இல்லாவிட்டால் மழையில் தண்ணீர் நிரம்பிப் பாரம் ஏறும். சட்டத்துக்கு மெத்தை சுற்றிக் கவிழ்த்து வைப்பது கிட்டிய தூரத்துக்குப் போதும்.

பிளாஸ்ரிக் கயாக் வெயிலில் இளகும். யூலை மாதம் இறுக்கிக் கட்டிவிட்டுத் தரிப்பிடத்தில் நாள் முழுக்க விட்டால், சட்டம் அழுத்திய இடம் குழியும். போய்ச் சேர்ந்தவுடன் பட்டியைத் தளர்த்தி விடுங்கள். சிறு குழி என்றால் வெயிலில் வைத்தாலே பெரும்பாலும் திரும்பிவிடும்.

ரெண்டு படகு ஒண்டா ஏத்தலாமா அண்ணா? நாங்க ரெண்டு குடும்பம், ஒரே கார்ல போறோம்.

இரண்டு கயாக் என்றால் ஜே தொட்டில் இரண்டு சோடி போட்டு ஏற்றலாம். நிறைக் கணக்கைக் கொரோலா கேள்வியில் சொன்னபடி தொட்டிலையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். இரண்டு கனூவை அடுத்தடுத்து வைக்க, ஒவ்வொன்றும் மூன்றடி அகலம் என்பதால், ஆறடிக்கு மேல் நீளமான சட்டம் வேண்டும்; சிறிய காருக்கு அது ஆகாது. எதுவானாலும் ஒவ்வொரு படகும் தன் சொந்தப் பட்டியோடும் தன் சொந்த முன்பின் கயிறோடும் நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே பட்டியால் கட்டினால், ஒன்று அசையும்போது மற்றதும் தளரும்.

ஹைவேயில ஓடேக்க 'ஹூம்ம்' எண்டு பயங்கரச் சத்தம். என்னவோ கழண்டிட்டுது எண்டு பயந்துபோனன்.

தட்டையான பட்டி காற்றில் அதிர்கிற சத்தம் அது. பட்டியை மாட்டும்போது படகுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு முறுக்குப் போட்டால் நின்றுவிடும். ஆனால் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் அதுதானே என்று விட்டுவிடாமல், நிறுத்தக்கூடிய முதல் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பட்டி தளர்ந்தாலும் சத்தம் மாறும்.

எவ்வளவு வேகத்தில போகலாம்? 400இல எல்லாரும் 120இல போறாங்கள்.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 80 கிலோமீற்றரில் உள்ளதை விட 110இல் காற்று ஏறத்தாழ இரண்டு மடங்கு பலமாகப் படகைத் தள்ளும். நான் வலது பக்க ஒழுங்கையில் 90 முதல் 100க்குள் போவேன். பக்கக் காற்று பலமாக இருந்தால் இன்னும் குறைப்பேன். லொறி கடக்கும்போது இரண்டு கையும் ஸ்ரியறிங்கில் இருக்கட்டும்.

புறப்பட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்தில், நெடுஞ்சாலையில் ஏற முன்னர் ஒரு எண்ணெய் நிலையத்தில் நிறுத்தி எல்லாக் கட்டுகளையும் ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். படகு உட்கார்ந்து பட்டி சற்றுத் தளர்ந்திருக்கும். பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாருங்கள். 400 தொடர் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் இதற்காக நிறுத்தாதீர்கள். ஆபத்து இல்லாதவரை வெளியேற்றம் வரை மெதுவாக ஓடுங்கள்.

பொலிஸ் பிடிக்குமோ? சிவப்புத் துணி கட்டவேணும் எண்டு ஒரு ஆள் சொன்னார்.

ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 111ஆம் பிரிவு இரண்டு விடயம் சொல்கிறது. சுமை காரின் பின்புறத்தைத் தாண்டி 1.5 மீற்றரோ அதற்கு மேலோ நீண்டால், பகலில் அதன் நுனியில் சிவப்புக் கொடி அல்லது சிவப்பு அடையாளம் வேண்டும். சூரியன் மறைய அரை மணித்தியாலம் முன்னரிலிருந்து உதித்து அரை மணித்தியாலம் பின்னர் வரையும், வெளிச்சம் போதாத வேளையிலும் சிவப்பு விளக்கு வேண்டும். சாதாரணக் காரில் 16 அடிக் கனூ அவ்வளவு நீட்டாது. சிறிய ஹட்ச்பக்கில் 17 அடி என்றால் நாடா எடுத்து அளந்து பாருங்கள். அளவுக்குள் இருந்தாலும் நான் சிவப்புத் துணி கட்டுவேன். தரிப்பிடத்தில் பின்னால் நடந்து வருகிறவரின் தலை உயரத்தில் அந்த முனை நிற்கிறது.

மற்ற விடயம், சுமை எதுவும் கழன்று விழாதபடி கட்டியிருக்க வேண்டும் என்பது. வாகனத்தை ஓட்டுகிறவர் நீங்கள் என்றால் பொறுப்பு உங்களுடையது, கடைக்காரப் பொடியன் கட்டித் தந்திருந்தாலும். ஆகவே அவர் கட்டிய பிறகு நீங்களும் ஒவ்வொரு முடிச்சையும் கையால் பாருங்கள்.

புதுக் கார் அங்கிள், தானா பிரேக் பிடிக்கிறது. கனூ ஏத்தினா அது குழம்புமா?

குழம்பக்கூடும். முன் கண்ணாடிக்கு மேலே, கண்ணாடியின் உட்புறம் உள்ள கமராதான் பல கார்களில் முன்னால் பார்க்கிறது. கனூவின் முனையோ முன்கயிறோ அதன் பார்வைக்குள் தொங்கினால் எச்சரிக்கை விளக்கு எரியலாம், அந்த வசதி தன்னைத்தானே நிறுத்தியும் கொள்ளலாம். சில நிறுவனங்கள் கைநூலிலேயே கூரைச் சுமை பற்றி இப்படி எழுதியிருக்கின்றன. படகைச் சற்றுப் பின்னே தள்ளி வைத்துப் பாருங்கள். பின்முனை டிக்கி மூடியில் இடிக்காத இடமாகவும் அது இருக்க வேண்டும். ஏற்றியவுடன் டிக்கியை மெதுவாகத் திறந்து பாருங்கள். தானாகத் திறக்கும் டிக்கி என்றால் அதை முதலிலேயே நிறுத்திவிடுங்கள்.

கொண்டோவின்ர நிலத்தடிப் பார்க்கிங்குக்குள்ள போகலாமோ?

முதலில் உயரத்தை அளந்து பாருங்கள். எஸ்யூவிக்கு மேலே கவிழ்த்த கனூ என்றால் ஏழடியைத் தாண்டிவிடும். பல நிலத்தடித் தரிப்பிடங்களின் தாழ்ந்த குழாய் அதற்கும் கீழே நிற்கும். மொத்த உயரத்தை ஒரு சிறு காகிதத்தில் எழுதி ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அதிகாலையில் புறப்பட்டுக் கோப்பிக்காக ரிம் ஹோட்டன்ஸ் ஜன்னல் வரிசைக்குள் பழக்கத்தில் திரும்புகிறவர்களுக்கு அந்தக் காகிதம் உதவும்.

திரும்பி வரேக்கையும் இவ்வளவும் செய்யவேணுமோ? எல்லாரும் களைச்சுப் போயிருப்பம்.

திரும்பும் பயணத்தில்தான் கூடக் கவனம் வேண்டும். கை சோர்ந்திருக்கும், கயிறு நனைந்திருக்கும், மழையோ இருட்டோ வந்துகொண்டிருக்கும். அல்கொங்குவினுக்குள் 60ஆம் நெடுஞ்சாலை 56 கிலோமீற்றர் ஓடுகிறது. மே, யூனில் வீதியோரப் பள்ளத்தில் தேங்கிய உப்புத் தண்ணீரைக் குடிக்க மூஸ் மான்கள் வரும். மாலை மங்கலில் ஒன்று வீதிக்கு ஏறினால் முழு பிரேக்கையும் அடிக்க வேண்டி வரும். முன்பின் கயிற்றின் தேவை அந்த நொடியில்தான்.

இன்னொன்று, 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் எந்தப் படகையும் தரைவழியாகக் கொண்டுபோக முன்னர் அதில் ஒட்டிய நீர்ச்செடி, சிப்பி, பாசி எல்லாவற்றையும் அகற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும் என்பது சட்டம். கனூவும் கயாக்கும் இதற்குள் அடங்கும். வரிச்சிப்பி (ஸீப்ரா மஸல்) போன்றவை ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்கு நாங்கள் சுமந்து போவதால்தான் பரவுகின்றன. கயாக்கின் வடிகால் மூடியைத் திறந்து, கனூவின் உள்விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். தண்ணீர் வடிந்தால் படகும் பாரம் குறையும்.

வருசத்துக்கு ஒருக்காத்தான் போறம். இதுக்கு றாக் வாங்குறது வீண் காசெல்லோ?

அப்படியென்றால் காரில் ஏற்றவே வேண்டாம். அல்கொங்குவினில் கனூ ஏரியிலும் ஒபியோங்கோ ஏரியிலும் கரையிலேயே கனூ வாடகைக்குக் கிடைக்கும். அங்கேயே எடுத்து அங்கேயே இறங்கலாம். நீண்ட வாரவிடுமுறைக்கு முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

நீங்கள் சொன்ன மாதிரி எல்லாம் கட்டிட்டன் தம்பி. ஆனா ஓடேக்க முன் மூக்குக் கொஞ்சம் ஆடுது. ஆடலாமோ?

விரற்கடை அளவு நடுங்கினால் அது படகின் நெளிவு, விடலாம். ஒரு பக்கம் போய்த் திரும்பி வராமல் நின்றாலோ, ஒவ்வொரு தரமும் கூடக் கூட ஆடினாலோ நிறுத்துங்கள் அண்ணை. நிறுத்தி, முன்முனையைப் பிடித்து இடமும் வலமும் பலமாக உலுப்புங்கள். படகோடு சேர்ந்து காரும் அசைந்தால் கட்டு சரி. படகு மட்டும் அசைந்தால் பட்டி விளிம்பிலிருந்து தள்ளி நிற்கிறது. மேலே சொன்னபடி ஒட்டிக் கட்டுங்கள். படகும் சட்டமும் ஒன்றாக அசைந்து கார் அசையாமல் நின்றால், தளர்ந்திருப்பது றாக்கின் கால். அதை இறுக்காமல் ஓர் அடியும் ஓட்டாதீர்கள். றாக்கின் காலை இறுக்க அதோடு வந்த சாவியை வீட்டு லாச்சியில் வைக்காமல் காரின் கையுறைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.